நோட்டில் எழுதிய பெயர்



போன மாதம் இந்த இடத்தில் 'செல்போன் நல்லதா கெட்டதா' என்று எழுதியிருந்தார்கள். இந்த மாதம் கருத்துப் பகுதி எனக்கு வந்தது. எங்கள் சர்ச் சம்பந்தமாக எழுதட்டுமா என்று தமிழம்மாவிடம் கேட்டேன். "பள்ளிக்கூடச் சுவரில் மதப் பிரச்சாரம் கூடாதும்மா" என்றார். "பிரச்சாரம் இல்லை டீச்சர். பிரச்சாரம் பண்ணச் சொல்லித் தர்ற பயிற்சி இருக்கே, அதைப் பற்றி என் கருத்து" என்றேன். இரண்டு நாள் யோசித்தார். எழுதியதை முதலில் தன்னிடம் காட்டச் சொன்னார். காட்டி, இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி வாங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒருவன், "லுத்தரனா? சிப்காட்டுல எந்த ஃபேஸ்ல இருக்கு அந்தக் கம்பெனி?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு அப்படித்தானே தோன்றும்! ஜெர்மனியில் 1517இல் தன் சபையின் தவறுகளை எதிர்த்துக் கேள்வி கேட்ட மார்ட்டின் லுத்தர் என்ற துறவியின் வழியில் வந்தவர்கள் என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு எனக்கு அதைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் போன மே மாதம் இளைஞர் முகாமுக்கு ஆள் சேர்த்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

முகாம் எங்கே, யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். மூன்று நாள். பாட்டு, விளையாட்டு, மதியம் தக்காளி சாதம், எல்லாம் நன்றாகவே இருந்தது. விசுவாசத்தை மற்றவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதுதான் பாடம். உன் சாட்சியை மூன்று நிமிடத்தில் சொல், இந்தக் கேள்வி கேட்டால் இந்தப் பதில், தயங்கினால் இந்த வசனம் என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள். அப்புறம் இருவர் இருவராக நடித்துப் பார்க்க வேண்டும். ஒரு அக்கா சாட்சி சொன்னார், நான் 'இந்துத் தோழி'. நான் இடையில் ஒரு கேள்வி கேட்டேன். "நீ ஒண்ணும் கேட்காதே, தலையை மட்டும் ஆட்டு, டைம் ஆகுது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் என் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற என் தோழி எதற்கும் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை.

கடைசி நாள் நோட்டில் ஒரு பக்கத்தில் கட்டம் போடச் சொன்னார்கள். இடது பக்கம் ஐந்து நண்பர்களின் பெயர். பக்கத்தில் 'ஜெபித்தேன்', 'பேசினேன்', 'சர்ச்சுக்கு வந்தார்' என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். என் தோழியின் பெயரைத்தான் முதலில் எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அவள் அப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவரிடம் கேட்டிலேயே பாஸை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கிரீன்ஹவுஸில் ரோஜா பறிக்கும் கூலியில்தான் வீடு நடக்கிறது. இதை அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் எப்போது மூச்சு விடுவாள், நம் மூன்று நிமிடத்தை எங்கே தொடங்கலாம் என்று இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கவும் செய்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். மாலை வீட்டுக்குப் போய் 'பேசினேன்' கட்டத்தில் டிக் போட்டேன்.

அடுத்த வாரம் சமூக அறிவியல் நோட்ஸ் எழுத என் நோட்டை வாங்கிப் போனாள். அதே நோட்டின் பின்பக்கத்தில்தான் அந்தக் கட்டம் இருந்தது. மறுநாள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டி, "மூணாவது கட்டம் காலியா இருக்கே, நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மனப்பாடம் பண்ணிய பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. சமாளிக்கப் பார்த்தேன். "சாலு" என்றாள். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். அதன்பிறகு பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

இதை வீட்டில் சொன்னதும், "அதுக்குத்தான் மதத்தைப் பத்தி வெளியில பேசவே கூடாது" என்றார் மாமா. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, விரும்பிய மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது என்று சமூக அறிவியல் சார் சொன்னார். கூடவே, 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னார்: உன் மதக் கருத்தை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது உன் உரிமை ஆகாது. சொல்லலாம், ஆனால் டிக் போடுவது நம் கையில் இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது. எனவே பயிற்சியே வேண்டாம் என்பது என் கருத்து இல்லை. பயிற்சி இல்லாததால்தானே 'எந்தக் கம்பெனி' என்று கேட்டபோது முழித்தேன்! என்ன பயிற்சி என்பதுதான் கேள்வி.

அந்தப் பதினொரு நாளில் பாஸ்டர் ஐயா வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்துப் படித்தேன். நம் நாட்டுக்கு முதலில் வந்த லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட முடியவில்லை. வந்ததும் அவர் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதினார். நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி! இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதற்கு முன்பே 1707இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குத் தனி சந்தோஷம்.

எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் என்னை நிறுத்தி வைத்தது. 1712 முதல் 1714 வரை அவரும் உடன் வேலை செய்த குருண்டலரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் வழிபாடு எப்படி, உங்கள் வழக்கம் என்ன, கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். தமிழர்களும் பதில் எழுதினார்கள். 99 கடிதங்கள்! அதில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடி, நடத்தை, சுத்தம் எல்லாவற்றையும் குறை சொல்லியும் இருந்தது. அதைக் கிழித்துப் போடாமல் ஜெர்மன் மொழியில் மாற்றி ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள், அங்கே அச்சும் ஆனது. இன்னொன்று, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூலே எழுதினார். ஊரில் இருந்த பெரியவர்கள் உன்னை அனுப்பியது இதற்கா என்று அதை அச்சிடவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சானது. ஆக, கேட்டுத் தெரிந்துகொள்வது அந்தக் காலத்திலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை! அவரும் மதம் மாற்றத்தான் வந்தார், அதை நான் மறைக்கவில்லை. இந்தத் தெய்வங்களைக் கும்பிடுவது தவறு என்றே எழுதினார். இருந்தாலும் பேசும் முன் கேட்டார் இல்லையா? என் தோழியின் பெயரை எழுதிய நான் அவளிடம் ஒரு கேள்வியாவது கேட்டேனா?

நம் பக்கத்துக் கதையும் உண்டு. கிருஷ்ணகிரி அப்போது சேலம் மாவட்டம். அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபை அனுப்பிய நேதர், மோன் என்ற இருவர் 1895இல் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். முன்பே வேறு மிஷனில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள், அதனால் தமிழ் தெரியும். நேதர் 1904இல் பிளேக் நோயில் இறந்தார். பிளேக் வந்தால் ஊரே காலியாகும் காலம் அது. அவர் மூன்று நிமிடத்தில் பேசி முடித்துக்கொண்டு போனவர் இல்லை.

எங்கள் பாட்டிக்கு இந்தப் பயிற்சி எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் எட்டு வீட்டுக்குப் போகும். உகாதிக்கு அந்த எட்டு வீட்டிலிருந்தும் ஒப்பட்டு வரும். யாராவது "உங்க சாமி என்ன சொல்லுது பாட்டி?" என்று கேட்டால், செய்கிற வேலையை நிறுத்தி, உட்கார்ந்து சொல்லும். கேட்காவிட்டால் சொல்லாது. பாட்டி மாதிரி இருந்தால் போதுமா, கேட்காதவர்களிடமும் சொல்ல வேண்டாமா என்று முகாம் அக்கா கேட்பார். நியாயமான கேள்விதான், எனக்கும் முழுதாகப் பதில் தெரியவில்லை. ஆனால் அழுதுகொண்டிருப்பவளிடம் ஆரம்பிக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அன்றைக்கு என் டப்பாவில் இருந்த முட்டையைப் பாதியாவது கொடுத்திருக்கலாம்.

எங்கள் சபையில் திடப்படுத்தல் எடுப்பதற்கு முன் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் படிப்போம். 1529இல் எழுதியது. அது முழுக்கக் கேள்வி பதில்தான். பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றே எழுதிய புத்தகத்தை வைத்திருக்கிற நாங்கள், முகாமில் மட்டும் எதற்குப் பதில்களை மட்டுமே படிக்கிறோம்? அந்த மூன்று கட்டத்தை எடுத்துவிட வேண்டும். 'இல்லை, வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் முகம் மாறாமல் மறுநாளும் அவர் பக்கத்தில் உட்காருவது எப்படி என்று நடித்துப் பார்க்க வைக்க வேண்டும், அது சாட்சி சொல்வதைவிடக் கஷ்டம், நான் பார்த்துவிட்டேன். வேறு மதத்துப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, எங்கள் பேச்சு அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் அவள் தன் ரஃப் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இடது பக்கம் என் பெயர். பக்கத்தில் மூன்று கட்டம்: 'ஒப்பட்டு தின்றாள்', 'சந்திரசூடேஸ்வரர் தேருக்கு வந்தாள்', 'மன்னிப்புக் கேட்டாள்'. முதல் இரண்டிலும் டிக் இருந்தது. மூன்றாவதை நான் கேட்ட பிறகு போட்டாள்.

அடுத்த மே மாத முகாமில் அவளையே பேச வைக்கலாமா என்று பாஸ்டர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை. அவள் வரத் தயார்தான். ஆனால் தெலுங்கில்தான் பேசுவாளாம், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டுமாம்.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி