தின்பதற்காகத் தூண்டில் போடுபவர் தாழ்ந்தவரா?

ஒன்ராறியோ ஏரிகளுக்குத் தூண்டில் போடச் செல்லும் நம்மவர்களைப் பற்றி அங்குள்ள விளையாட்டுத் தூண்டிற்காரர்கள் சிலரிடம் ஓர் ஏளனம் உண்டு. மீனைப் பிடித்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விடுபவர் கனவானாம். பிடித்த மீனைக் குளிர்ப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பவர் பேராசைக்காரராம். அண்மைக்காலமாக நம்மவர்களுள்ளும் விலையுயர்ந்த தூண்டிலும் படகும் வாங்கிவிட்ட சிலர் இதே பல்லவியைப் பாடத் தொடங்கியிருக்கிறார்கள். இதனை நான் அடியோடு மறுக்கிறேன்.

சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுங்கிய நீர்வழியில், ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்னர் முதற்குடிகள் கழிகளை நட்டு அமைத்த மீன்வேலியின் எச்சங்கள் இன்றும் சேற்றினுள் இருக்கின்றன. கனடா அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் பிரகடனம் செய்திருக்கிறது. ரொறொன்ரோ என்ற பெயரே, நீரில் மரங்கள் நிற்கும் இடம் என்ற பொருளில் அந்த வேலியைக் குறித்த மோஹாக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தின்பதற்காக மீன்பிடிப்பதுதான் அந்த ஏரியின் ஆதி வழக்கம். படமெடுத்து விடுவது நேற்று வந்தது.

இந்த ஏளனம் வெறும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடவில்லை. 2007 ஆம் ஆண்டில் சிம்கோ ஏரியின் தென்கரையிலும் வேறு சில இடங்களிலும் ஆசிய வம்சாவளித் தூண்டிற்காரர்கள் தாக்கப்பட்டார்கள். சிலர் நீருக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்களின் தூண்டில்களும் பெட்டிகளும் ஏரிக்குள் வீசப்பட்டன. அந்த இழிசெயலுக்கு ஓர் இனவசைப் பெயரும் சூட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஒரு கும்பலிடமிருந்து தப்பியோடிய கார் துரத்தப்பட்டு விபத்துக்குள்ளானதில், அதிலிருந்த இளைஞர் ஒருவரின் மூளை கடுமையாகச் சேதமுற்றது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை நடத்தி 2008 இல் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் சட்டத்தை மீறி மீன்பிடிக்கிறார்கள் என்பதே தாக்கியவர்களுக்காகப் பேசியோரின் சாக்குப்போக்கு. சட்டமீறலைப் பார்த்துக்கொள்ள அதிகாரிகள் இருக்கிறார்கள். தோலின் நிறத்தைப் பார்த்து உரிமத்தை ஊகிக்கும் அதிகாரம் எந்தக் கும்பலுக்கும் இல்லை.

ஆயினும், இதைச் சொல்லிவிட்டு நம்மவர்களின் முதுகில் தட்டிக்கொடுத்துப் போக நான் தயாரில்லை. நமது மீன்பிடிப் பயணத் திட்டம் எப்படித் தயாராகிறது? யாருடைய வான், எத்தனை இறாத்தல் கோழி, யார் ஊறப்போடுவது, கிரிக்கெட் மட்டை யாரிடம் என்பன முதல் வாரமே முடிவாகிவிடும். எந்த ஏரி எந்த வலயத்தில் இருக்கிறது, எந்த மீனுக்குப் பருவம் திறந்திருக்கிறது என்ற கேள்வி கரைக்குப் போன பிறகும் எழுவதில்லை. கேட்பவருக்குக் கிடைக்கும் பதில், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்பதுதான்.

பாஸ் மீனை எடுத்துக்கொள்வோம். வசந்தத்தின் பிற்பகுதியில் ஆண் மீன் வாலால் அடித்தளத்தைத் துப்புரவாக்கிக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். அதன்பின் முட்டைக்கும் குஞ்சுக்கும் வாரக்கணக்கில் காவல் நிற்பது தந்தைதான். அதனைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடங்களுக்குள் சூரியமீனும் பேர்ச்சும் கூட்டைச் சூறையாடிவிடும். ஆகவேதான் தெற்கு ஒன்ராறியோவின் பல வலயங்களில் ஜூன் வரை பாஸ் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை. கூட்டிலிருந்து தூக்கிப் படமெடுத்துவிட்டு விடுபவரும் இந்தப் பழியிலிருந்து தப்பமுடியாது. அவர் படத்துக்குச் சிரிக்கும் நேரத்தில் கூடு காலியாகிவிடுகிறது.

18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஒன்ராறியோவாசிகள் உரிமம் பெறவேண்டும். குறைந்த எண்ணிக்கைக்குரிய பேணல் உரிமமும் முழு எண்ணிக்கைக்குரிய விளையாட்டு உரிமமும் உண்டு. வலயங்கள் மொத்தம் 20. வலயத்தின் பொதுவிதியை மட்டும் படித்தாலும் போதாது, ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு. ரொறொன்ரோவுக்கு அண்மையிலுள்ள ஸ்கூகொக் ஏரியில் வோலாய், அதாவது ஒன்ராறியோவாசிகள் பிக்கரல் என்று அழைக்கும் மீன், அருகிப்போனதால் 2016 இல் அதனைப் பிடிப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. நீளக் கட்டுப்பாடுள்ள மீனைக் கரையிலேயே வெட்டித் துண்டாக்கி உப்பும் மஞ்சளும் தடவிக் கொண்டுவருவதும் குற்றமே. இனமும் எண்ணிக்கையும் நீளமும் அதிகாரிக்குத் தெரியும்படிதான் மீன் வீடு வந்து சேரவேண்டும். இது நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இன்றுவரை யாரும் சொல்லாத செய்தி.

உண்மையில், தின்பதற்காகப் போகிறவர் பேர்ச்சை நினைத்துத் திட்டமிடுவதே புத்தி. அது கூட்டமாகத் திரியும், பகலில் இரையெடுக்கும், சிறுவர்களும் பிடிக்கலாம். சிம்கோ ஏரியில் விளையாட்டு உரிமத்துக்கு 50 மீன், பேணல் உரிமத்துக்கு 25. பொரியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிக்கரல் வேறு சாதி. அதன் கண்ணின் பின்புறத்திலுள்ள ஒளி தெறிக்கும் படலத்தால் மங்கிய ஒளியில் வேட்டையாடும். வைகறையிலும் அந்தியிலும் காத்திருக்கவேண்டும். பத்து மணிக்குப் புறப்பட்டு நான்கு மணிக்குத் திரும்பும் வான் கோஷ்டிக்கு அது அகப்படாததில் வியப்பில்லை.

சட்டத்தைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்துவது பாதரசம். மாகாணத்தின் வடமேற்கே, டிரைடன் நகரக் காகித ஆலையொன்று 1962 இலிருந்து 1970 வரை ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை ஆற்றில் கலந்தது. பிக்கரலை உண்டு வாழ்ந்த கிராஸி நரோஸ் முதற்குடி மக்கள் அதன் விளைவை இன்றும் சுமக்கிறார்கள். அவ்வளவு கொடுமை ஏனைய ஏரிகளில் இல்லைதான். ஆனால் வயதான, பெரிய, இரைபிடித்துண்ணும் மீனில் பாதரசம் சேருவது எங்கும் பொதுவான இயல்பு. அது தசையிலேயே தங்குவதால் கழுவினாலும் போகாது, புளி விட்டுக் கொதிக்கவைத்தாலும் போகாது. ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று மாகாண சுற்றாடல் அமைச்சு வழிகாட்டி வெளியிடுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதில் தனிக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தோலும் முள்ளும் நீக்கிய முதுகுத் தசைக்கு மட்டுமே உரியது. நாமோ தலைக்கும் சினைக்கும் அடிபடுகிறவர்கள். பிடித்துவிடும் கனவானுக்கு இந்த வழிகாட்டி தேவையில்லை. நமக்குத்தான் தேவை.

கோடை வந்தால் ரொறொன்ரோவில் ஊர்ச்சங்கங்களின் ஒன்றுகூடல்களுக்குக் குறைவில்லை. அனுசரணையாளர் படங்கள் நிறைந்த வண்ணமலர்கள் ஆண்டுதோறும் அச்சாகின்றன. அவற்றில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அவ்வாண்டின் பருவத் திகதிகளையும் எண்ணிக்கையையும் உண்ணும் அளவையும் தமிழில் அச்சிட எந்தச் சங்கத்துக்காவது மனம் வருமா? தலைவரின் வாழ்த்துச் செய்தியை ஒருமுறை அரைப்பக்கமாகச் சுருக்கினாலே இடம் கிடைத்துவிடும்.