எண் குறைந்தால் பழி யார்மீது?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பகல், மண்ணரையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர் பனியன் கம்பெனியில் டெய்லர். மகன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். மின்தடை நேரும் இரவுகளில் அவன் படிப்பதற்காக, தூக்கி நகர்த்தக்கூடிய 100 வாட் சோலார் பேனல் ஒன்றையும், 12 வோல்ட் பேட்டரியையும், இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரையும் வாங்கியிருந்தனர்.

"சாமி, நாங்கள் ஏமாந்துவிட்டோம்!" என்றார் தலைவர். காலை பத்து மணிக்கு 4 ஆம்பியர் காட்டிய கருவி, உச்சி வெயிலில் அரை ஆம்பியர்கூடக் காட்டவில்லையாம். கடன் வாங்கி இன்னொரு பேனல் வாங்குவது, அதுவரை கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பேனலை நேரே பேட்டரியில் இணைப்பது என்று மகன் முடிவு செய்திருந்தான்.

நாம் கன்ட்ரோலரைப் பார்த்தோம். பேட்டரியின் அழுத்தம் 13.7 வோல்ட் என்றிருந்தது. "தம்பி, மின்விசிறியைப் போடு" என்றோம். போட்ட மாத்திரத்தில் 0.4 என்றிருந்த ஆம்பியர் 2 ஆக உயர்ந்தது! குடம் நிறைந்ததும் குழாயை மூடுகிறோம். தண்ணீர் வரவில்லையென்று குழாயைப் பழிப்பதுண்டோ? பேட்டரி நிறைந்துவிட்டமையால் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைக் குறைத்திருந்தது. அவ்வளவே.

இன்னொரு ஐயமும் அவர்களுக்கு இருந்தது. 100 வாட் பேனல், நல்ல வெயிலிலும் 65 வாட்டுக்குமேல் தரவில்லையே என்பது. பேனலின் பின்புறச் சீட்டைப் படியுங்கள்: ஏறத்தாழ 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்றிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 99. ஆனால் விலை குறைந்த பி.டபிள்யு.எம். வகைக் கன்ட்ரோலர், பேனலைப் பேட்டரியின் அழுத்தத்திற்கே இறக்கிவிடுகிறது. 13 வோல்ட்டை 5.5 ஆல் பெருக்கினால் 71 வாட்தான். தூசியும் சாய்வும் அதையும் குறைக்கும். எம்.பி.பி.டி. வகை இந்த இழப்பின் பெரும்பகுதியை மீட்கும், விலையோ கூடுதல். மேலும், சீட்டிலுள்ள அளவு பேனல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது எடுத்தது. தகரக் கூரைமேல் அது 60 டிகிரி எட்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடாக, திறன் 14 விழுக்காடு வரை குறையக்கூடும்.

கன்ட்ரோலரைக் கழற்றும் எண்ணத்தையோ நாம் கண்டிப்பாக மறுத்தோம். நிறைந்த ஈய அமில பேட்டரிக்குள் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்தால், உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும். குடும்பம் முழுதும் உறங்கும் ஒரே அறையில் அந்த ஆபத்து வேண்டுமா?

இக்கருவி எளியோர் வீட்டுக்குப் புதிதன்று. 2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடுகளுக்குச் சூரிய ஒளி விளக்குகள் திட்டமிடப்பட்டன. கருவி வந்தது, அதன் மொழியை அறிந்துகொள்வது நம் கடமை.

ஆகவே இவற்றை மனத்தில் இருத்துங்கள். ஈய அமில பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், 12.7 வோல்ட் என்பது நிறைவு, 12.2 ஏறத்தாழப் பாதி, 11.8 வெறுமைக்கு அருகில். நிரம்பும் வேளையில் 14.4 வரை ஏறிப் பின் 13.7க்கு இறங்குவது இயல்பு. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஆம்பியர் குறைந்தால், வோல்ட்டைப் பாருங்கள். அது 13.7 அளவில் இருந்தால் மின்விசிறியைப் போட்டுச் சோதியுங்கள். எண் உயர்ந்தால் குறையேதுமில்லை. உயரவில்லையெனில் நிழலையும் தூசியையும் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். அதன் பிறகே கடைக்காரரிடம் செல்லுங்கள்.

அந்த வீட்டில் கடன் பேச்சு அன்றே நின்றது. பேனலை ஈரத்துணியால் துடைக்கும் வேலை மட்டும் மகனுக்கு வந்து சேர்ந்தது.