‘பிடிஎஃப் இருக்கா?’: க்ரைம் நாவல் ரசிகர்கள் கேட்கும் கேள்வியும் அதில் உள்ள சிக்கலும்

கடலூர் செம்மண்டலத்தில் இருந்து சிதம்பரம் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத நாவலைப் படித்து முடிக்க அது சரியான நேரம். கொலை திருப்பாதிரிப்புலியூரில் நடந்தால், கொலைகாரன் சிதம்பரத்துக்குள் மாட்டிவிடுவான்.

இப்போது அதே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இரண்டு நண்பர்கள். பேச்சு இப்படிப் போகும்.

“கடைசியா என்ன படிச்ச?”

“கெய்கோ ஹிகாஷினோ. சஸ்பெக்ட் எக்ஸ். செம!”

“அது நெட்ஃப்ளிக்ஸ்ல ‘ஜானே ஜான்’னு வந்துச்சே, அதானே? சரி, தமிழ்ல சுஜாதாவோட ‘கொலையுதிர் காலம்’ படிச்சியா?”

“இல்லடா. பிடிஎஃப் இருக்கா?”

கடைசியில் வந்த அந்த இரண்டு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் மர்மக் கதை படிக்கிறவர்கள் குறைந்துவிடவில்லை. பிடித்த எழுத்தாளர் யார், கணேஷ்–வசந்த்தா பரத்–சுசீலாவா என்ற சண்டையும் ஓயவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்ததும் அடுத்த கேள்வி ‘எங்கே வாங்கலாம்?’ என்று வருவதில்லை. ‘ஃபைல் அனுப்பு’ என்றே வருகிறது.

இதைத் திருட்டு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சட்டப்படி அது தவறும் இல்லை. ஆனால் கேட்கிறவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

கோவிந்தன் முதல் விவேக் வரை

தமிழில் நாவல் என்ற வடிவம் பரவலான வாசகர்களிடம் போய்ச் சேர்ந்ததில் துப்பறியும் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதித் தள்ளினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறிகிறவர் பெயர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இல் சினிமாவானது. அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தபோது, எம்.என். நம்பியார் பல வேஷங்களில் கலக்கினார். வில்லனாகவே நமக்குத் தெரிந்த நம்பியார் அதில் ஹீரோ! பெண்கள் பக்கம் வை.மு. கோதைநாயகி. ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்திக்கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு.

பிறகு வாரப் பத்திரிகைகளின் காலம். ஆனந்த விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’, துப்பறிகிறவன் புத்திசாலியாக இருந்தே ஆக வேண்டும் என்ற விதியைக் காமெடி ஆக்கியது. தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் தாத்தா பாட்டிகள். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வந்தது. வக்கீல் கணேஷ் அறிமுகம். ஜூனியர் வசந்த் கொஞ்சம் தாமதமாகத்தான் சேர்ந்தார். ஆனால் சேர்ந்த பிறகு ரசிகர்களில் பாதிப் பேர் அவர் பக்கம்.

80களும் 90களும் மாத நாவல்களின் பொற்காலம். கோவையில் இருந்து ராஜேஷ்குமார். அவர் எழுதிய நாவல்கள் 1,500ஐத் தாண்டும். விவேக், ரூபலா என்றால் இன்றைக்கும் அம்மாக்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா. சுபா என்ற பெயரில் இரண்டு பேர், சுரேஷும் பாலகிருஷ்ணனும், எழுதிய நரேந்திரன்–வைஜயந்தி. ‘அயன்’, ‘கோ’ படங்களின் எழுத்தில் இருந்த சுபா இவர்கள்தான் என்பது ஓடிடியில் அந்தப் படங்களைப் பார்க்கிற பலருக்குத் தெரியாது. ‘இமைக்கா நொடிகள்’ வசனத்தில் பட்டுக்கோட்டை பிரபாகர் பெயர் இருப்பதும் அப்படித்தான்.

சிதம்பரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1985இல் விசு எடுத்த மர்ம-காமெடிப் படத்துக்கு ‘சிதம்பர ரகசியம்’ என்றுதான் பெயர். அதே பெயரில் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கி, 2000களின் நடுவில் சன் டிவியில் தொடராக வந்தது. நாடி ஜோதிடம், தொடர் மரணங்கள் என்று வீட்டையே உட்கார வைத்த சீரியல் அது.

அச்சில் புத்தகம், கணக்கில் பத்திரிகை

மாத நாவல் மலிவாக இருந்ததற்குக் காரணம் அது வெளிவந்த விதம். கையில் எடுத்தால் புத்தகம். ஆனால் வந்தது மாத இதழாக. சாணித்தாள், பின் அடித்த முதுகு, பளீர் அட்டை. பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளோடு கயிற்றில் தொங்கும். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் அடுக்கியிருக்கும். அடுத்த மாதம் அடுத்த இதழ் வந்ததும் பழையது போய்விடும்.

போய்விடும் என்றால் நிஜமாகவே போய்விடும். மறுபதிப்பு அபூர்வம். வார இதழை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? அதே கதிதான் இதற்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டதில் எத்தனை நாவல்களின் கடைசிப் பிரதி இருந்ததோ. வாடகை நூலகங்களும், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகளும் இல்லையென்றால் இன்னும் நிறைய காணாமல் போயிருக்கும்.

ஊரின் இலக்கியப் பெருமையிலும் இவற்றுக்கு இடமில்லை. கடலூரில் எழுத்தைப் பற்றிப் பேசினால் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனையும், மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனையும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர்கள் பக்கம் வருவதற்கு முன்னால் ஒரு வாசகர் படிக்கப் பழகியது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய நாவலில்தான். சென்னையைச் சேர்ந்த ப்ளாஃப்ட் பதிப்பகம் 2008இல் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுப்பாக வெளியிட்டது. ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் இங்கேயும் சிலர் ‘ஓ, இதுல இவ்ளோ இருக்கா?’ என்று திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

ஆக, ஒரு 1987ஆம் வருடத்து மாத நாவலை நண்பர் பரிந்துரைக்கிறார். தேடுகிறீர்கள். கடையில் இல்லை, ஆன்லைனில் இல்லை, நூலகத்தில் இல்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது போல, வெட்டவெளி. ஆனால் யாரோ ஒருவர் தன்னிடம் இருந்த பழைய பிரதியைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். அந்த ஃபைலைத் திருட்டு என்று சொல்வதா, ஆவணக் காப்பகம் என்று சொல்வதா?

இரண்டும்தான்.

ஆனால் எல்லா ஃபைலும் ஒன்றல்ல

இந்த நியாயத்தை எல்லாவற்றுக்கும் நீட்டுவதில்தான் தப்பு நடக்கிறது. டெலிகிராமில் சுற்றுகிற ஃபைல்களில் கிடைக்காத பழைய நாவல்கள் கொஞ்சம். கடையில் தாராளமாகக் கிடைக்கிற புத்தகங்கள் நிறைய. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் நாவல்கள் அச்சில் இருக்கின்றன, மின்நூலாகவும் கிடைக்கின்றன. ராஜேஷ்குமாரின் நாவல்கள் பலவும் மின்நூலாக வந்துவிட்டன. கிண்டிலில் தமிழ் வந்தே 2016 டிசம்பரோடு பல வருடம் ஆகிவிட்டது. அதில் ஒரு மின்நூலின் விலை பல நேரம் ஒரு ஃபில்டர் காபிக்கும் ஒரு பிரியாணிக்கும் நடுவில்தான் இருக்கும். அதற்கும் ஸ்கேன் காப்பி தேடுவதற்கு ‘கிடைக்கல’ என்ற காரணம் பொருந்தாது.

‘அந்தக் காலத்துல ஒரே புத்தகத்தைத் தெருவே படிச்சாங்களே, அப்ப மட்டும் எழுத்தாளருக்குக் காசு போச்சா?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில்: போனது, ஒரு பிரதிக்கு மட்டும். ஆனால் அந்த ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கும்போது அடுத்தவர் கையில் இருக்காது. முறை வைத்துத்தான் படிக்க வேண்டும். பொறுக்க முடியாதவர் கடைக்குப் போய் வாங்கினார். ஃபைலில் அந்தக் காத்திருப்பே கிடையாது. ஒரு ஃபார்வர்டில் 200 பேருக்குப் பிரதி கிடைத்துவிடும், கொடுத்தவர் கையிலும் அது இருக்கும். பொறுமை இழந்து கடைக்குப் போகிற அந்தப் பத்துப் பேர்தான் மாத நாவலை ஓட வைத்தார்கள்.

எழுத்தாளர் பக்கம் இருந்து பாருங்கள். அன்லிமிடெட் மாதிரியான சந்தாத் திட்டங்களில் எழுத்தாளருக்குப் பணம் வருவது வாசகர் புரட்டிய பக்கங்களின் கணக்கில். மர்மக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் யாரும் மூடி வைக்கப்போவதில்லை, கடைசிப் பக்கம் வரை காசு. ஆனால் அதே நாவலை ஸ்கேன் ஃபைலில் ராத்திரி இரண்டு மணி வரை முழித்துப் படித்தாலும் எழுதியவர் கணக்கில் ஏறுவது பூஜ்யம். புதிதாக எழுத வருகிறவர்கள் க்ரைமை விட்டுவிட்டு நேராக வெப் சீரிஸ் பக்கம் ஓடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எதைத் தாராளமாகப் பகிரலாம்?

பலருக்குத் தெரியாத நல்ல செய்தியும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு எழுத்தாளரின் படைப்புக்கு அவர் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த வருடம் முடிந்து 60 வருடமும் பாதுகாப்பு உண்டு. அதன் பிறகு அது எல்லோருக்கும் சொந்தம்.

கணக்குப் போட்டால்: ஆரணி குப்புசாமி முதலியார் 1925இல் இறந்தார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942இல். இருவர் எழுத்தும் எப்போதோ பொதுவுடைமை. தேவன் இறந்தது 1957. ஆக 2018 ஜனவரி 1 முதல் சாம்புவின் கதைகளை யார் வேண்டுமானாலும் பகிரலாம். கூட வரும் ஓவியங்களுக்குத் தனி உரிமை இருக்கலாம் என்பதால் படங்களில் மட்டும் ஜாக்கிரதை. கோதைநாயகி 1960இல் மறைந்தார், அவர் நாவல்கள் 2021 முதல் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஷெர்லாக் ஹோம்ஸும் அப்படியே. ஆனால் ஹோம்ஸின் சமீபத்திய தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருக்குச் சொந்தம்.

மறுபக்கம்: 1976இல் இறந்த அகதா கிறிஸ்டிக்கு இந்தியாவில் 2036 முடியும் வரை காப்புரிமை. 1977இல் மறைந்த தமிழ்வாணனுக்கு 2037. சுஜாதாவுக்கு 2068. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனுக்கு 2084. இன்று எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே இன்னும் ஆரம்பிக்கவில்லை. தெரிந்தே மீறினால் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் 50,000 ரூபாயில் தொடங்கும் என்று எழுதியிருக்கிறது. ஃபார்வர்டு செய்தவரைத் தேடி போலீஸ் வரப்போகிறது என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘சும்மா ஷேர் பண்ணேன்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக.

பந்து யார் கையில்?

வாசகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய மாத நாவல்களின் உரிமை வைத்திருப்பவர்கள் அவற்றை மின்நூலாகக் கொண்டுவந்தால், ஸ்கேன் ஃபைலுக்கு இருக்கிற பாதி நியாயம் அன்றே போய்விடும். கையில் பிரதி இல்லையென்றால், ஸ்கேன் செய்து வைத்திருக்கும் சேகரிப்பாளர்களிடம் கேட்டு வாங்கலாம். திட்டுவதைவிட அது பிரயோஜனமான வேலை. பழைய தமிழ் நூல்களைத் திரட்டிக் காப்பதற்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற முன்னுதாரணமே இருக்கிறது. அதுவும் ஒரு தனிமனிதரின் சேகரிப்பில் இருந்து தொடங்கியதுதான்.

அரசு நூலகங்களுக்கும் வேலை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது, இப்போது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. செம்மண்டலத்தில் வீடு வைத்திருப்பவரும் அதைக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வு நூல்களுக்குத் தனி இடம் ஒதுக்கத் தெரிந்த நூலகத் துறைக்கு, துப்பறியும் நாவல்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்குவது பெரிய செலவில்லை. வாசகர் தேடிக்கொண்டு வருகிற புத்தகம் அது.

அதுவரைக்கும் அந்த பஸ் பேச்சை லேசாக மாற்றிப் பார்க்கலாம். ‘கொலையுதிர் காலம்’ பிடிஎஃப் கேட்கிற நண்பருக்கு வாங்குகிற லிங்க். ‘காசு குடுத்துப் படிக்கிற அளவுக்கு நான் இன்னும் க்ரைம் ரசிகன் இல்லடா’ என்பவருக்கு, எந்தச் சட்டச் சிக்கலும் இல்லாத சாம்பு. சிதம்பரம் வருவதற்குள் இரண்டு கேஸ் முடிந்துவிடும்.