கத்திக்கு இரங்கற்பா வேண்டாம்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் அண்மைக்காலமாக ஒரு புதுமோகம் தலைகாட்டுகிறது: வேட்டைக் கத்தி. ஒருநாள்கூட வேட்டைக்குச் சென்றிராதவர்கள், மான்கொம்புப் பிடி வைத்த கத்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். செண்பகத்தோப்பு அடிவாரத்தில் நடந்த ஒரு சந்திப்பில் நண்பர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து வருவித்த கத்தியை உறையிலிருந்து உருவி, “இதுதான் ஐயா, நம் குறிஞ்சி மறந்துபோன ஆயுதம்” என்றார். சுற்றியிருந்தோர் தலையாட்டினர். நாமும் வாய்மூடி இருந்தோம். அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் கத்திக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அது நல்ல கத்திதான். வேட்டை விலங்கைத் தோலுரித்துக் கூறுபோட நீண்ட வாள் உதவாது. மூன்று நான்கு அங்குல அலகு போதும். வெட்டுவாய் வயிற்றுப் பகுதியில் வளைந்திருந்தால் தோல் கிழியாமல் பிரியும். முனை தாழ்ந்திருந்தால் குடலைக் குத்தாது. குடல் கிழிந்தால் இறைச்சி கெட்டது. துருவேறும் எஃகு கல்லில் சட்டெனக் கூர்ப்படும். துருவேறாத எஃகு ஈரத்தைத் தாங்கும், ஆனால் கூர்தீட்ட நேரமெடுக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைக்கும் செண்பகத்தோப்புக்கும் என்ன உறவு என்பதே நம் கேள்வி.

இந்த மலையின் கத்தி எது? தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் செல்லும் பளியரின் கையிலுள்ள அரிவாள். கொடி அறுக்க, தடி சீவ, புதர் விலக்க, கிழங்கு நறுக்க என எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கொல்லர் பட்டறையில் பழைய லாரிப் பட்டைத் தகட்டைக் காய்ச்சி அடித்தாலே அது உருவாகிவிடும். கொம்புப் பிடி கிடையாது, தோலுறை கிடையாது. அலமாரியில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1960களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் முதன்மையாகக் கண்டது அவர்களுடைய வேட்டை வீரத்தை அன்று. வன்முறையைத் தவிர்க்கும் இயல்பையும், ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்தாத வாழ்வையும்தான். நம் நண்பர் கற்பனை செய்யும் குருதி படிந்த வேடனுக்கு அந்தச் சித்திரத்தில் இடம் குறைவு.

உடனே சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அழைக்கட்டும். பெரும்பாணாற்றுப்படையின் எயினர் குடியிருப்பை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே எயிற்றியர் இரும்புப் பூண் இட்ட கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். வில்லையும் அம்பையும் மனப்பாடம் செய்த நாம் அந்தக் கோலை ஏன் மறந்தோம்? பெரியபுராணத்துத் திண்ணனாரையும் சொல்வார்கள். பன்றியை வீழ்த்திய வீரத்துக்காகவா அவரைக் கண்ணப்பர் என்கிறோம்? நெருப்பில் வாட்டிய இறைச்சியை நாவில் இட்டுச் சுவைபார்த்து, நல்லதைத் தேர்ந்து இறைவனுக்கு வைத்த பரிவுக்காகவும், தன் கண்ணையே இடந்து அப்பியதற்காகவும் அல்லவா? நம் மரபு கருவியைப் பாடியபோதெல்லாம் அதைப் பிடித்த கையின் தேவையையும் சேர்த்தே பாடியது. கையை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் எடுத்துக்கொள்வது இலக்கிய ரசனை அன்று, பழம்பொருள் சேகரிப்பு.

இனி, நாம் பேச மறுக்கும் இடத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, கண்ணி, நஞ்சு இவற்றோடு கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் எழுத்துமூல முன்னனுமதியின்றி ஆயுதத்துடன் நுழையக் கூடாது என்பது அதன் 31ஆம் பிரிவு. செண்பகத்தோப்பை உள்ளடக்கிய மலை, 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, வேர், கிழங்கு ஆகியவற்றைச் சிறு வனப்பொருள்களாக எண்ணி, அவற்றைச் சேகரிக்கும் உரிமையை வனவாசிகளுக்கு வழங்குகிறது. வேட்டையாடும் மரபுரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்குகிறது. ஒரு சட்டம் கிழங்கை எடுத்துக்கொள் என்கிறது. இன்னொரு சட்டம் அதைத் தோண்டப் போகிறவனின் இடுப்பிலிருப்பது ஆயுதம் என்கிறது. கிழங்கை விரலால் தோண்ட முடியுமா?

“அப்படியானால் வேட்டையை அனுமதிக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. வேட்டைத் தடை சரியானது. இந்த மலையின் அணிலும் யானையும் வேங்கையும் அந்தத் தடையால்தான் பிழைத்திருக்கின்றன. நாம் கேட்பது வேறு. தேனுக்கும் கிழங்குக்கும் செல்லும் பளியரின் அரிவாள், அவர்கள் உரிமையின் ஒரு பகுதியாக எழுத்தில் ஏற்கப்பட வேண்டும். காவல் நிற்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து விட்டுவிடும் கருணையாக அது இருத்தல் கூடாது.

நம் ஊர்ப்பக்கத்துப் பன்றி வேட்டையில் பழகிய ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். மகிழ்ச்சி. வேட்டை போனபின் வேட்டைநாய் பெருமைச் சின்னமாகிறது; வேட்டைக் கத்தி அலமாரிப் பொருளாகிறது. இன்றும் அன்றாடம் உழைக்கும் அரிவாளுக்கோ கவிதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. இழந்ததற்கு ஒப்பாரி வைப்பது எளிது, அதற்கு எதிராளி கிடையாது. இருப்பதற்காக வாதாடினால் அதிகாரத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

செண்பகத்தோப்பில் ஓர் அருவிக்கு மீன்வெட்டிப் பாறை என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு கத்தி இருக்கிறது; ஆனால் அதில் வீரம் இல்லை, ஒருவேளைச் சோறு இருக்கிறது. நண்பரின் கத்தியைப் பார்த்துத் தலையாட்டிய அன்று இந்தப் பெயர் நம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த முறை அவர் உறையை அவிழ்க்கும்போது நாம் வாய்மூடி இருக்கப் போவதில்லை. “ஐயா, அதை உள்ளே வையுங்கள். கிழங்கு தோண்டப் போனவர் அரிவாளோடு திரும்பி வந்தாரா என்று முதலில் கேட்டுவிட்டு வருவோம்” என்று சொல்லப் போகிறோம்.