துரையப்பா மைதானத்தில் எங்கட பிள்ளைகளும் ஓடட்டும்



நேற்று ஒரு வாப்பா கேட்டார்: "சேர், ஸ்கொலர்ஷிப் வருது. பிள்ளைக்கு இப்ப எதுக்கு கிரவுண்ட்?"

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு, 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. 1999இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. அதே இடம் இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு, 2016 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. யுத்தம் தின்ற மண்ணில் இன்று பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் எங்கட பெற்றோர் இரண்டு மணித்தியால அவகாசத்தில் இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நான் வளர்ந்தது புத்தளத்து முகாமில். கிடுகுக் கொட்டில்களுக்கு நடுவில் இருந்த சந்துதான் எனக்கு மைதானம். வேறு பாடசாலைப் பிள்ளையோடு ஓடித் தோற்று, கைகொடுத்துவிட்டு வரும் பழக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மேடையில் நாங்கள் பேசும் நல்லிணக்கத்தைப் பிள்ளைகள் மைதானத்தில் பேசாமலே பழகிவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் தேவையா? பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோரும் சேர்ந்து மாநகர சபையிடம் எழுத்தில் கேட்போம். கேட்காமலே "எங்களுக்கு இடமில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

வீட்டைக் கட்டினோம், பள்ளியைத் திருத்தினோம். இனி அந்த மைதானத்து மைக்கில் எங்கட பிள்ளையின் பெயரும் கேட்கட்டும், இன்ஷா அல்லாஹ்.