தடுக்கத் தெரிந்தவனே வெல்வான்!

"தம்பி! இவன் நேற்று ராத்திரி மட்டும் முப்பது தடவை செத்திருக்கிறான். இன்னும் விடமாட்டேன் என்கிறான். நீயாவது என்னவென்று கேள்!"

என் அக்காள் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. செத்தது அவள் மகன் அல்ல. டெலிவிஷன் திரையில் அவன் ஆட்டிவைக்கும் வீரன்!

அக்காள் மகன் கல்லூரி மாணவன். வயது இருபது. அவன் ஆடிய வீடியோ விளையாட்டின் பெயர் 'செகிரோ'. ஜப்பானில், டோக்கியோ நகரில் உள்ள ஃபிரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனி தயாரித்தது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. 2019-ம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் பரிசு வாங்கியது. 2023-ம் ஆண்டுக்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

காசு கொடுத்து வாங்கி, இத்தனை பேர் தோற்றுக்கொண்டே இருக்கிறார்களே! அதில் அப்படி என்ன இருக்கிறது? அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நானும் ஆடிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஆறு தடவை செத்தேன்!

ஒற்றைக் கை ஓநாய்

கதை எளிமையானது. ஜப்பானில் சிற்றரசர்கள் ஓயாமல் போரிட்ட காலம். அஷினா என்பது கற்பனை நாடு. அங்கே குரோ என்று ஒரு சிறுவன். அவனைக் காக்கும் வீரனுக்கு ஓநாய் என்று பெயர். கெனிச்சிரோ என்பவன் ஓநாயின் இடது கையை வெட்டிவிட்டு, சிறுவனைத் தூக்கிப் போகிறான். ஓநாய் செயற்கைக் கை பொருத்திக்கொண்டு, சிறுவனை மீட்கப் புறப்படுகிறான். 'செகிரோ' என்றால் ஒற்றைக் கை ஓநாய் என்று பொருள்.

வெட்டினால் மட்டும் போதாது

கத்திச் சண்டை என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? வேகமாக வெட்டுகிறவன் ஜெயிப்பான் என்று நினைக்கிறோம். இங்கே அது பலிக்காது.

எதிரிக்கு உயிர் ஒரு கணக்கு. நிலை இன்னொரு கணக்கு. நிலை என்றால், கால் ஊன்றித் தடுமாறாமல் நிற்கும் பலம். அது குலைந்துவிட்டால் ஒரே குத்தில் சாய்த்துவிடலாம். அதை எப்படிக் குலைப்பது? எதிரியின் வாள் நம்மீது விழும் அதே நொடியில் தடுக்கும் பட்டனை அமுக்க வேண்டும். 'ணங்' என்று சத்தம் வரும். தீப்பொறி பறக்கும். எதிரி கொஞ்சம் தடுமாறுவான்.

முந்தி அமுக்கினால் நம்முடைய நிலை குலையும். பிந்தினால் வெட்டுப்படும். பயத்தில் பட்டனைச் சடசடவென்று அமுக்கினால், சரியாகத் தடுக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்கிப்போகும்!

சரி, விலகி ஓடிவிடலாமா? ஓடினால் எதிரி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் நிலையாக நிற்பான். நாம் பட்ட பாடெல்லாம் வீண்.

திரையில் சிவப்பாக ஓர் எழுத்து மின்னினால் ஆபத்து என்று அர்த்தம். வெறுமனே தடுத்து நின்றால் போதாது. எதிரி காலைக் குறிவைத்து வீசினால் குதிக்க வேண்டும். கட்டிப் பிடிக்க வந்தால் விலக வேண்டும். ஈட்டியை நீட்டிக் குத்த வந்தால்? பின்வாங்கக் கூடாது. குத்தை நோக்கியே முன்னே பாய்ந்து, ஈட்டியைக் காலால் மிதிக்க வேண்டும்! அந்த வித்தையை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கற்ற பிறகும், பயந்த கால் பின்னேதான் போகும். அதை முன்னே வைக்கப் பழக வேண்டும்.

பழக இடம் உண்டு. ஒரு பாழடைந்த கோயில் வாசலில் ஹான்பெய் என்று ஒருவன் நிற்கிறான். சாக முடியாத மனிதன். அவனோடு எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம். 2020-ம் ஆண்டு அக்டோபரில், முன்பு சந்தித்த பெரிய எதிரிகளோடு மறுபடி மோதிப் பழகவும் வசதி செய்தார்கள்.

சுலபமாக்க வேண்டுமா?

இந்த விளையாட்டில் சுலபம், கடினம் என்று பிரிவு கிடையாது. எல்லோருக்கும் ஒரே பரீட்சைதான். இது நியாயமா என்று 2019-ல் மேல்நாட்டுப் பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். கைகால் நன்றாக உள்ளவனுக்குச் சுலப வழி தேவையில்லை. முப்பது தடவை தோற்றவன் முப்பது பாடம் படித்திருக்கிறான். எதிரியின் தோள் அசைந்தால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். வலுவில்லாத எதிரியைக் கொடுத்தால் வெற்றி வரும். அந்தப் பாடம் வராது.

ஆனால் விரல் சரியாக மடங்காதவர் இருக்கிறார். கண் மங்கியவர் இருக்கிறார். அவர்களிடம் "பழகு, வந்துவிடும்" என்று சொல்வது கொடுமை. படி ஏறச் சோம்பல்படுகிறவன் வேறு. கால் இல்லாதவன் வேறு. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' என்ற விளையாட்டில் இப்படிப்பட்டவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகள் வைத்தார்கள். ஆட்டத்தை மெதுவாக நகர்த்தலாம். பார்வை இல்லாதவரும் ஒலியைக் கொண்டு ஆடலாம். செகிரோவிலும் அப்படிச் செய்திருக்க வேண்டும். அதனால் யாருடைய வெற்றியும் குறைந்துவிடாது.

பெற்றோருக்கு

இது ரத்தம் சிந்தும் விளையாட்டு. அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வளர்ந்த பிள்ளை ஆடினால் நேரத்தைக் கண்டியுங்கள். தோல்வியைக் கேலி செய்யாதீர்கள். விளையாட்டுக்குள்ளேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஓநாய் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைத்தால், அவனோடு பழகியவர்கள் இருமல் நோயில் விழுகிறார்கள். பிள்ளை ராத்திரி முழுவதும் விழித்தால், பக்கத்து அறையில் தாய்க்கும் தூக்கம் போகிறது. அதை அவனிடம் சொன்னேன். தலை குனிந்துகொண்டான்.

மறுநாள் மாலை, கோட்டை உச்சியில் கெனிச்சிரோவை எதிர்த்தான். கடைசிக் கட்டத்தில் அவன் மின்னலை வீசினான். தரையில் நின்று வாங்கினால் ஆபத்து. பையன் குதித்தான். அந்தரத்திலேயே மின்னலை வாளில் ஏந்தி, கால் தரையில் படும் முன்பே திருப்பி வீசினான். கெனிச்சிரோ சாய்ந்தான்!

பையன் கத்தவில்லை. கருவியைக் கீழே வைத்தான். "மாமா, அவன் அப்படியேதான் இருக்கிறான். நான்தான் மாறியிருக்கிறேன்" என்றான்.

அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முடிந்ததா? அந்தப் பொறுமையைப் பாடப் புத்தகத்திலும் காட்டு!" என்றாள்.

அதுவும் சரிதானே!