ஏடு வந்த ஊர் எது?
கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அதிகத் தொலைவில்லாமல் மணலிக்கரை என்றொரு ஊர் இருக்கிறது. விளைச்சல் பொய்த்த காலத்தில் வரியை எப்படி வாங்குவது என்று பேசும் 1235ஆம் ஆண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு அந்த ஊருடையது. ‘மனோன்மணீயம்’ எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தபோது துணைக்கொண்ட கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. ஊரின் இன்னொரு பெருமை கல்லில் இல்லை, ஓலையில் இருக்கிறது. 1909இல் அங்குள்ள மணலிக்கரை மடத்திலிருந்து, பழைய மலையாள எழுத்தில் எழுதிய 105 ஏடுகள் கொண்ட ஒரு சுவடி வடமொழிப் பண்டிதர் த. கணபதி சாஸ்திரியின் கைக்கு வந்தது. உள்ளே பத்து வடமொழி நாடகங்கள் முழுமையாகவும், பதினொன்றாவது தொடங்கிய நிலையிலும் இருந்தன.

நாடகங்களில் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் அவற்றில் ஒன்று ‘ஸ்வப்னவாசவதத்தம்’. பழைய நூல்களில் பெயர் வந்து போன நாடகம் அது. காளிதாசனே தனக்கு முந்தியவன் என்று மரியாதையோடு குறிப்பிட்ட பாசனின் படைப்பு. கிடைக்காது என்று அறிஞர்கள் கைவிட்டிருந்த ஒரு கவிஞனை, திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்த அந்தப் பண்டிதர், தென்திருவிதாங்கூர் மடம் ஒன்றின் ஏடுகளிலிருந்து மீட்டார். தேடிச் சேர்த்த மேலும் இரண்டோடு பதின்மூன்று நாடகங்களும் 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சேறின.

இத்தகைய சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்க 1908இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய பதிப்புத் துறைதான், பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று காரியவட்டத்தில் தங்கள் பொறுப்பில் இயங்கும் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே ஓலையிலும் தாளிலும் உள்ளன. கிரந்தம், வட்டெழுத்து, மலையாண்மை, நந்திநாகரி, தமிழ் எனப் பல எழுத்துகளில் அமைந்தவை. நாட்டின் பெரிய சுவடித் தொகுப்புகளை எண்ணினால் அதை விட்டுவிட்டு எண்ண முடியாது.

இந்த மடல் தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சுவடிக் கட்டும் எந்த ஊரிலிருந்து, எந்த வீட்டிலிருந்து அல்லது மடத்திலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்ற வரவுப் பதிவை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுங்கள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கோரிக்கை நியாயமானது, செலவும் காலமும் பிடிப்பது. வந்த ஊரைக் கேட்பவர்கள் குறைவு. சுவடி அட்டவணைகள் பொதுவாக நூலின் பெயர், ஆசிரியர், எழுத்து, ஏட்டின் எண்ணிக்கை, முதல் வரி, கடைசி வரி ஆகியவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஊர் பல சமயம் அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை.

ஊர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பாசன் வழக்கே சாட்சி. அந்தப் பதின்மூன்று நாடகங்களும் உண்மையிலேயே பாசனுடையவைதானா, இல்லை கேரள மேடைக்காகச் சாக்கியார்கள் சுருக்கியும் திருத்தியும் வைத்திருந்த படிகளா என்று நூறாண்டுகளாக விவாதம் நடக்கிறது. ‘மேடைப் படிகள்’ என்று வாதிட்டவர்கள் நாடகங்களின் நடையையும் அமைப்பையும் காட்டினார்கள். கூடவே ஏடுகள் கிடைத்த இடத்தையும் காட்டினார்கள். சாக்கியார்களின் வடமொழி நாடகக் கலையான கூடியாட்டம் வாழ்ந்த நிலத்திலிருந்தே இவை வந்தன என்பது அவர்களுடைய வலுவான வாதங்களில் ஒன்று. மணலிக்கரை என்ற பெயரைக் கணபதி சாஸ்திரி குறித்து வைக்காமல் விட்டிருந்தால், இரு தரப்புக்கும் வாதாட ஒரு பிடி குறைந்திருக்கும்.

எதிர்ப்புறத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அது மைசூரில். 1905இல் அங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் ரா. சாமசாஸ்திரி அடையாளம் கண்ட ‘அர்த்தசாஸ்திர’ச் சுவடி, இந்திய வரலாற்று எழுத்தையே புரட்டிப்போட்டது. அதை நூலகத்துக்குக் கொடுத்தவர் யார்? தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். பதிப்பு முன்னுரை சொல்வது அவ்வளவுதான். எந்த அக்ரகாரம், எந்தக் குடும்பம், அதே பரணில் வேறு என்னென்ன கட்டுகள் இருந்தன? கேட்க இனி ஆளில்லை. கௌடில்யனைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதருக்குப் பெயர் இல்லாமல் போனது ஒரு பதிவேட்டு வரியின் குறை. இதே நூலுக்கு எழுந்த பழைய மலையாள உரையான ‘பாஷா கௌடலீயம்’ உங்கள் பக்கத்து ஏடுகளில் தங்கியதை நினைத்தால், தஞ்சையிலும் கேரளத்திலும் அந்த நூலைப் படித்தவர்கள் யார் யார் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் எந்தப் பிரதி யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அலுக்காமல் எழுதிவைத்தார். அன்று அது நன்றியறிதலாக மட்டும் தோன்றியிருக்கலாம். இன்று அதுவே ஆய்வாளருக்கு ஆதாரம்.

ஊரும் வீடும் தெரிவதன் பயன் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்து வெளியிட்டார். பின்னர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்கினார். அடிமை விற்றது, நிலம் ஒற்றி வைத்தது, அரண்மனையிலிருந்து ஆணை வந்தது எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வோர் ஓலையாக எடுத்தால் வெறும் கணக்குச் சீட்டு. ஒரே வீட்டின் ஓலைகள் என்று தெரிந்ததால்தான் அவை ஒரு சமூகத்தின் வரலாறாகப் பேசுகின்றன. வீட்டின் பெயர் அறுந்திருந்தால் அவை ‘பலவகை’ என்ற தலைப்பின் கீழ் ஏதோ ஒரு அலமாரியில் சேர்ந்திருக்கும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மணலிக்கரையும் வந்தது, அதன் ஏடுகள் திருவனந்தபுரத்தில் நின்றன. நிற்கட்டும். ஏடுகளைத் திருப்பிக் கேட்கும் மடல் அல்ல இது. தேடிச் சேர்த்துப் பதிப்பித்த நிறுவனத்திடமே அவை இருப்பது முறைதான். எந்தெந்த ஊர்கள் அங்கே இருக்கின்றன என்பது அந்த ஊர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே. இரவிக்குட்டிப் பிள்ளை கதையை வில்லடித்துப் பாடும் ஊர்களில், அதன் பழைய பிரதி ஒன்று எல்லைக்கு அப்பால் இருக்கிறதா என்று தேடுகிறவருக்கு ஊர்வாரிப் பட்டியலே வாசல்.

ஊரையும் குடும்பத்தையும் வெளியிட்டால் உரிமை கொண்டாடி வழக்குகள் வரும், பழம்பொருள் தரகர்களுக்கு வழிகாட்டியாகிவிடும் என்ற தயக்கம் எழலாம். முதல் அச்சத்துக்குப் பதிவேடே பதில். கொடுத்தவர், கொடுத்த நாள், கொடையா விலையா என்பது எழுத்தில் இருக்கும்போதுதான் நிறுவனத்தின் உரிமை உறுதியாக நிற்கும். இரண்டாவதற்குச் சட்டம் இருக்கிறது. 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. காணாமல்போன ஏடு ஒன்று வெளியே விலைக்கு வந்தால் அதை அடையாளம் காட்டுவதும் இத்தகைய பட்டியலே.

வேலை பெரியதும் அல்ல. ஓலையைத் தொட வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், கட்டை அவிழ்க்க வேண்டாம். தாளில் உள்ள பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து, ஊர்ப்பெயர்களைத் தட்டச்சு செய்தால் போதும். மாறிப்போன பழைய ஊர்ப்பெயர்களை இனங்காண்பதுதான் சிரமம். அதற்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் துணைக்கு அழைக்கலாம். குமரி மாவட்டத்துக் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை, ஊரறிந்த மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். தென்தாலுகாக்களிலிருந்து வந்த கட்டுகளின் பட்டியலை முதலில், மலையாளத்திலும் தமிழிலும், வெளியிடத் தாங்கள் ஆணையிட வேண்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
தெற்கத்திச் சுவடி வாசகர் ஒருவர்